உடன்படிக்கையில் பிரதிபிரயோஜனம்

தாமிரபரணிப் பாசனத்தில் வாய்ச்சொல்லாகவே நடைபெறும் உடன்படிக்கைகள் பல. பிற்பாடு வியாஜ்யம் நேரின், வாக்குக் கொடுக்கப்பட்டதா என்பதோடு, அதற்குப் பிரதிபிரயோஜனம் உண்டா என்பதும் கோர்ட்டில் ஆராயப்படும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வாக்களித்தவருடைய விருப்பத்தின்மேல் ஒருவர் செய்த, அல்லது செய்யாது விட்ட காரியமே பிரதிபிரயோஜனமாகும்.

பாளையங்கோட்டை மிராசுதார் ஒருவர் தம் வயல் வாய்க்காலைத் தூர் எடுக்கும்படி அண்டை நிலத்தாரைக் கேட்டு, வேலை முடிந்தபின் ஒரு கோட்டை நெல் தருவதாகச் சொன்னாரென்று கொள்வோம். வேலை முன்பே முடிந்ததென்று அவர் தப்ப இயலாது.

கேட்டவர் யார் என்பதே முக்கியம். கலெக்டர் விருப்பப்படி ஒருவர் கட்டிய சந்தையில் கடை வைத்தோர், அவருக்குத் தரகு தருவதாக ஒப்பிப் பின்னர் மறுத்தனர். கடைக்காரர் கேட்டுக் கட்டியதன்று என்று 1880-இல் அலகாபாத் ஹைகோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. கிராம உத்தியோகஸ்தர் தாம் இட்ட உத்தரவை நம்பிப் பிறர் வாக்கைப் பெறுமுன் இதனை நினைத்தல் நன்று.

ஆயினும், பிரதிபிரயோஜனம் கேட்டவருக்கு வேறொருவர் வாயிலாக வந்தாலும் போதும். தாய் மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதி, தன் உடன்பிறந்தாருக்கு வருஷந்தோறும் ஒரு தொகை தரும்படி விதித்தாள். மகள் உடன்பட்டு எழுதிக்கொடுத்துப் பின் மறுத்தாள். தாய் தந்த நிலமே போதுமென்பது 1882-ஆம் வருஷத்துச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் கண்ட முடிவு.

மதிப்புக் குறைவு மட்டும் உடன்படிக்கையைக் கெடுக்காது. சம்மதம் மனப்பூர்வமாயிருத்தல் வேண்டும். காலங்கடந்த விதைநெல் கடனை அடைப்பதாகக் கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால், புதிய பிரதிபிரயோஜனம் இன்றியும் அது செல்லும். வாய்ச்சொல் செல்லாது.