ஆல்ட்-சி அழுத்தினால் அரட்டை

கேள்வி: இணையத்துக்கு முந்தைய புல்லட்டின் போர்டுகளை, அதாவது தொலைபேசி வழியே நுழைந்து கடிதங்களைப் பரிமாறும் கணினித் தளங்களை, நடத்தியவர்கள் அவற்றை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?

பதில்: போர்டு இயங்கும் கணினி பெரும்பாலும் நடத்துநரின் வீட்டிலேயே இருக்கும். தொலைபேசி வழியே நுழைந்தவர் பார்ப்பதெல்லாம் அதன் திரையிலும் ஓடும். 1990-களில் புழங்கிய ரிமோட்ஆக்சஸ் மென்பொருளில் ஆல்ட்-சி அழுத்தினால் அவரோடு தட்டச்சிலேயே பேசலாம். ஆல்ட்-ஹெச் இணைப்பைத் துண்டிக்கும். ஆல்ட்-ஜே, அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு கணினியின் இயங்குதளமான டாஸுக்குள் போகும். இப்படி ஒவ்வொரு போர்டும் ஒரு வீட்டுக்குள் இயங்கினாலும் அவை தனித்தே நிற்கவில்லை. 1984-இல் அமெரிக்காவின் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபைடோநெட் என்ற வலையமைப்பு, ஊர் ஊராகத் தனித்திருந்த போர்டுகளை இணைத்தது. இரவில் குறித்த ஒரு மணி நேரத்தில் கணினிகள் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. நடத்தியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். தொலைபேசிக் கட்டணமும் கைக்காசுதான். இன்றைய இணைய உரையாடலுக்கு வழி போட்டவர்களில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு.