பாசி படர்ந்த குளமும் நாம் கற்ற பாடமும்



நமது பள்ளியின் காய்கறித் தோட்டத்தை ஒட்டிச் சிறு குளம் ஒன்று உள்ளதை நீங்கள் அறிவீர்கள். 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட அக்குளத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் லம்பாம் மீன்களையும் திலாப்பியா மீன்களையும் வளர்த்து வருகின்றனர். தோட்டத்து இல்லங்கள் பலவற்றின் பின்புறத்திலும் இத்தகைய குளங்களும் தொட்டிகளும் உள்ளன. அவற்றின் நீர் பச்சை நிறமாக மாறுவதும், பாசி திரண்டு மிதப்பதும் எல்லாரும் காணும் காட்சியே. அதனைக் கட்டுப்படுத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கண் நாம் செய்த தவறு ஒன்றைக் கூறிவிடுதல் நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன், பரிசளிப்பு விழா நெருங்கிய வேளையில், பள்ளிக் குளம் முற்றும் பச்சையாகிவிட்டது. விழாவிற்கு வரும் பெரியோர் கண்ணில் அது படலாகாதே என்னும் கவலையால், ஆராய்ந்து பாராமல் மயில்துத்தத்தைக் கரைத்துக் குளத்தில் ஊற்றினோம். இரண்டாம் நாள் நீர் தெளியத் தொடங்கியது. நாம் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் லம்பாம் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. திலாப்பியா மீன்களில் சில மட்டும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தன. அவற்றை வளர்த்த மாணவர்கள் கரையில் பேச்சின்றி நின்றனர். அவர்களுள் ஒருவன், “ஐயா, தண்ணீர்தான் சுத்தமாகிவிட்டதே, பிறகு மீன்கள் ஏன் செத்துவிட்டன?” என்று கேட்டான். அவ்வினாவிற்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவனுக்கு நாம் தரும் விடையாகும்.

பாசி என்பது யாது?

பாசி வேர், தண்டு, பூ இல்லாத எளிய உயிராகும். நீர் முழுவதும் பரவி அதனைப் பச்சைச் சாயம்போல் ஆக்குவது நுண்பாசி. தலைமயிர்போல் இழை இழையாகப் படர்வது நூற்பாசி. மூன்றாவது வகை நீலப்பச்சைப் பாசி. பெயரளவில் பாசியாயினும் இஃது உண்மையில் ஒருவகைப் பாக்டீரியாவாகும். வண்ணப்பூச்சைக் கொட்டியதுபோல் நீரின்மேல் ஆடையாகப் படரும். இதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்குவன. ஆதலால் அத்தகைய நீரில் பிள்ளைகள் இறங்குதலும், ஆடுமாடுகள் வாய் வைத்தலும் கூடா.

மீன்கள் ஏன் மடிந்தன?

பகற்பொழுதில் பாசி கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, உயிர்வளியை நீரில் வெளியிடுகிறது. இரவில் ஒளியில்லை, உயிர்வளி உண்டாவதும் இல்லை. ஆனால், பாசியும் மீனும் இரவெல்லாம் மூச்சுவிடுகின்றன. ஆகவே, விடியும் நேரத்தில்தான் நீரில் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதன் காரணம் இதுவே.

இந்நிலையில் பாசி முழுவதையும் ஒரே நாளில் கொன்றால் என்ன ஆகும்? செத்த பாசி அழுகும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சிய உயிர்வளியையும் உண்டுவிடும். பகலில் உயிர்வளி தருவதற்கும் பாசி இராது. மேலும், மயில்துத்தத்தில் உள்ள செம்பு, மீன்களுக்கே கேடு செய்வது. சுண்ணச்சத்துக் குறைந்த நீரில் அக்கேடு இன்னும் மிகுதியாகும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

பாசி பெருகக் காரணம்

பாசி பெருக ஒளியும் சத்தும் வேண்டும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம் பகல் நீடிக்கிறது, குளிர்காலமும் இல்லை. எனவே பாசிக்கு ஓய்வுக் காலமே கிடையாது. சத்துகளுள் முதன்மையானவை நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகும். செம்பனைக்கும் காய்கறிக்கும் நாம் இடும் உரத்தில் உள்ளவையும் இவையே.

1973 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு பகுதிகளாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தனர். ஒரு பகுதியில் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்த்த பகுதி பச்சைப் பசேலென மாறியது. மற்றப் பகுதி தெளிவாகவே இருந்தது. குளத்திற்குள் வரும் சத்தைத் தடுப்பதே பாசியைத் தடுக்கும் வழி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கட்டுப்படுத்தும் முறைகள்

1. சத்தைத் தடுத்தல்: மீன்கள் ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே இரை இடுக. மிஞ்சிய சோற்றைக் குளத்தில் கொட்டற்க. தின்னப்படாத ஒவ்வொரு பருக்கையும் பாசிக்கு உரமாகும். குளத்தைச் சுற்றி அரையடி உயரத்திற்கு வரப்பு எடுத்தால், மழை பெய்யும்போது உரநீர் உள்ளே வாராது. துணி துவைத்த நீரும், கோழி வாத்துகளின் எச்சமும், உதிர்ந்த இலைகளும் குளத்தில் சேராதவாறு காத்தல் வேண்டும். மீன்களின் எண்ணிக்கையும் அளவோடு இருத்தல் நலம்.

2. நிழல் தருதல்: நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அல்லி, தாமரை போன்றவற்றின் இலைகள் மூடியிருந்தால் பாசிக்கு ஒளி குறையும். முழுவதையும் மூடிவிடலாகாது.

3. போட்டிப் பயிர் வளர்த்தல்: மூங்கிலால் சட்டம் அமைத்து அதில் கங்கோங் கீரையை மிதக்கவிடுக. பாசி உண்ணும் அதே சத்தைக் கீரையும் உண்ணும். கீரையை அறுத்து எடுக்குந்தோறும் அச்சத்தும் குளத்தை விட்டு வெளியேறும். அக்கீரையை நன்கு கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும். ஆகாயத்தாமரையும் சத்தை உறிஞ்சுவதில் வல்லது. ஆனால், தென் அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி மிக விரைவில் பெருகி நீர்நிலைகளை அடைத்துவிடும். அதனை ஆற்றிலோ கால்வாயிலோ எறிதல் பெருந்தவறு. திலாப்பியா மீன்களையும் அவ்வாறே ஆற்றில் விடலாகாது.

4. கையால் அகற்றுதல்: நூற்பாசியை ஒரு கோலில் சுற்றி எடுத்துவிடலாம். ஒரே நாளில் அனைத்தையும் எடுக்காமல், வாரந்தோறும் சிறிது சிறிதாக எடுத்து, வாழைக்கும் கத்தரிக்கும் உரமாக இடுக.

5. நீரும் சேறும்: நீர் முழுவதையும் இறைத்துப் புதுநீர் விட்டால், சேற்றில் தங்கிய சத்தினால் பாசி விரைவிலேயே திரும்பிவிடும். ஒரு முறைக்கு ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். மழைநீரே சிறந்தது. குழாய்நீரில் குளோரின் இருப்பதால், திறந்த பீப்பாயில் ஓரிரு நாள் வைத்துப் பின்னரே ஊற்றுக. ஆண்டுக்கு ஒரு முறை அடிச்சேற்றை வாரி எடுக்க வேண்டும். ஆழமற்ற குளம் விரைவில் சூடேறும். அதில் அடிவரை ஒளி பாயும். நம் பள்ளிக் குளம் அன்று ஒன்றரை அடியே ஆழம். பின்னர் மூன்றடியாக ஆழப்படுத்தினோம்.

அளந்து அறிதல்

1865 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ செக்கி, வட்டத்தட்டு ஒன்றை நீருள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். நாமும் பால்மாவு டின் மூடிக்கு வெள்ளை வண்ணம் பூசிக் கயிற்றில் கட்டி, சிறு கல்லும் சேர்த்து இறக்கலாம். மீன் வளர்க்கும் குளத்தில் தட்டு 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் பாசி அளவோடு உள்ளது எனக் கொள்ளலாம். சேறு கலங்கிய நாளில் இவ்வளவை நம்பலாகாது. சிறுபிள்ளைகள் பெரியோர் துணையின்றிக் குளத்தருகே செல்லக்கூடாது என்பதையும் இங்கு வலியுறுத்துகிறோம்.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிப் புட்டிகளில் குளத்து நீரை நிரப்புக. ஒன்றை வெயிலில் வைக்க. இரண்டாவதில் ஒரு சிட்டிகை உரமிட்டு வெயிலில் வைக்க. மூன்றாவதிலும் அதே அளவு உரமிட்டு, கறுப்புத் துணியால் மூடி வைக்க. பத்து நாள் கழித்து மூன்றின் நிறத்தையும் ஒப்பிட்டுக் காரணத்தை எழுதுக.

மாணவமணிகளே! பாசி நமக்குப் பகையன்று. நுண்ணுயிர்களுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் அதுவே உணவு. மீன்களின் மூச்சுக்கு உயிர்வளியும் தருவது அதுவே. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சாவது போலவே பாசியும் ஆகிறது. மிஞ்சியதைக் குறைக்கப் பொறுமை வேண்டும். நாம் அவசரப்பட்டு மூன்று நாளில் இழந்ததை மீண்டும் பெற ஓராண்டு ஆயிற்று. இன்று குளத்தில் அல்லி பூத்திருக்கிறது. அதன் இலை நிழலில் லம்பாம் மீன்கள் நீந்துகின்றன. நீர் சற்றே பச்சையாகத்தான் உள்ளது. அது அப்படியே இருக்கட்டும்.