தேடல் தளம் தானாக மாறிவிட்டதா?

பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். செங்கல்பட்டு மின்சார ரயில் நேரம் பார்க்க பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் டைப் செய்தால், கூகுளுக்குப் பதிலாகப் பெயரே கேள்விப்படாத ஒரு தளம் திறந்ததாம். பக்கம் முழுக்க விளம்பரம். "வைரஸ் வந்துடுச்சா தம்பி?" என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் ஓர் இலவச வீடியோ பிளேயருக்கு அப்டேட் வந்திருக்கிறது. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். நாம் எல்லோருமே செய்வதுதான்!

பிரவுசர் வேறு, சர்ச் இன்ஜின் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எல்லாம் பிரவுசர்கள். நீங்கள் டைப் செய்வதை அவை எந்தத் தேடல் தளத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒரு செட்டிங். அதைத்தான் 'டீஃபால்ட்' என்கிறோம். இந்த ஒரு செட்டிங்கிற்கு இருக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. டீஃபால்ட் இடத்தைப் பிடிக்க கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது, அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் விலக்கில்லை. ஒரு காலத்தில் ஜாவா அப்டேட்டுடன் ஆஸ்க் டூல்பாரும் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கான கட்டத்தில் டிக் முன்பே போடப்பட்டிருக்கும். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், ஆபீஸ் 365 புரோபிளஸ் அப்டேட்டுடன் ஓர் எக்ஸ்டென்ஷன் வரும், குரோமில் பிங் டீஃபால்ட் ஆகும் என்று அறிவித்தது. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே, பிப்ரவரி 11 அன்று தானாக நிறுவும் திட்டத்தைக் கைவிட்டது. ஆண்ட்ராய்டு போன் விஷயத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போனை முதலில் அமைக்கும்போதே தேடல் தளத்தைத் தேர்வு செய்யும் வசதி தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

சரி, ஆசிரியரின் கம்ப்யூட்டருக்கு வருவோம். பலர் செட்டிங்கை மட்டும் மாற்றுவார்கள். மறுநாள் பழையபடி ஆகிவிடும். காரணம், மாற்றிய புரோகிராம் உள்ளேயே இருக்கிறது. எனவே முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குச் சென்று, பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிரச்சினை தொடங்கிய நாளில் வந்த, நீங்கள் கேட்காத புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்து குரோமின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை க்ளிக் செய்து, எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, அறிமுகமில்லாததை நீக்குங்கள். அதன் பிறகே செட்டிங்ஸ், சர்ச் இன்ஜின் என்று சென்று உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபயர்பாக்ஸிலும் செட்டிங்ஸில் 'சர்ச்' என்ற பகுதி இருக்கிறது.

சில சமயம் அந்த இடத்தை மாற்றவே விடாது. 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் சரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆன்டிவைரஸால் முழு ஸ்கேன் செய்து பாருங்கள்.

இதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான். இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ்' என்பதை விட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேவையில்லாத டிக்குகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆசிரியர் வீட்டில் அப்படி மூன்று டிக் இருந்தன.