புளூட்டோவைக் கண்ட கலம்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை ஞாயிறு நிற்கும் இடமாகக் கொள்வோம். அதற்கு முப்பதடி குறுக்களவுள்ள ஓர் உருண்டையை அங்கே நிறுத்துவோம். அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மாதுளம்பழத்தை வைத்தால், அதுவே நாம் வாழும் நிலவுலகம். இதே அளவில் புளூட்டோவைத் தேடி நடப்போமானால், ஏரலையும் கடந்து ஏறக்குறையத் தூத்துக்குடி வரையிற் செல்ல வேண்டும். அவ்வளவு நடந்து அங்கே நாம் காண்பது என்ன? ஒரு புளியங்கொட்டை! மாதுளம்பழத்திலிருந்து எறியப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று, அப்புளியங்கொட்டைக்கு நான்கு விரற்கடை தொலைவிற் குறி தவறாமற் கடந்து சென்றது. 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் நிகழ்ந்த அருஞ்செயலின் அளவு இதுவேயாம்.

புளூட்டோவை முதன்முதற் கண்டவர் கிளைடு டோம்பா என்னும் அமெரிக்க இளைஞர். அவர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்திற் கல்லூரி வாயிலை மிதியாதவர். தம் கையாலேயே தொலைநோக்கி செய்து வானை ஆராய்ந்தவர். அரிசோனா நாட்டில் லோவெல் வானாய்வுக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வானின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவிட்டு இருமுறை படமெடுத்து, அவ்விரு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இடம் பெயர்ந்த புள்ளி ஏதேனும் உண்டா எனத் தேடுவதே அவ்வேலை. விண்மீன்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். கோள் மட்டுமே நகரும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கிடையே நகர்ந்த புள்ளி ஒன்றை 1930ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் கண்டார். அதற்குப் புளூட்டோ என்னும் பெயரை எடுத்துரைத்தவள், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வாழ்ந்த வெனிஷியா பர்னி என்னும் பதினோரு வயதுச் சிறுமி.

கண்டுபிடித்து எண்பது ஆண்டுகள் கழிந்தும் அதன் முகத்தை எவரும் தெளிவாகக் கண்டிலர். விண்வெளியில் மிதக்கும் ஹபிள் தொலைநோக்கிக்குங்கூட அது மங்கிய சில திட்டுகளாகவே தோன்றிற்று. அருகிற் சென்று காண்பதன்றி வேறு வழியில்லை.

அவ்வாறு செல்லப் புறப்பட்ட கலத்தின் பெயர் நியூ ஹொரைசன்ஸ். புதிய அடிவானங்கள் என்பது அதன் பொருள். 478 கிலோ எடையுள்ள அக்கலம் 2006ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் புளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து ஏவப்பட்டது. நிலாவுக்குச் சென்ற மனிதர்க்கு ஏறத்தாழ மூன்று நாள் பிடித்த வழியை அஃது ஒன்பதே மணி நேரத்திற் கடந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வியாழனை அணுகி, அப்பெருங்கோளின் ஈர்ப்பால் இன்னும் விரைவு பெற்றது. வியாழன் துணை செய்யாதிருப்பின் பயணம் மூன்றாண்டு நீண்டிருக்கும். ஞாயிற்றொளி மிகக் குறைந்த அப்பெருந்தொலைவில், ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகள் பயன்படா. ஆதலின் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் உண்டாக்கும் கருவி பொருத்தப்பட்டது. புளூட்டோவின் பெயரைத் தாங்கிய பொருளே புளூட்டோவுக்குச் செல்லும் கலத்தை இயக்கிற்று! அது தந்த மின்சாரமோ, பழைய நூறு வாட் விளக்குகள் இரண்டை எரிக்கும் அளவினதே. கலத்தினுள் ஒரு சிறு பேழையில் டோம்பாவின் உடற்சாம்பல் சிறிது வைக்கப்பட்டிருந்தது.

கலம் புறப்பட்ட ஏழாம் திங்களில், அனைத்துலக வானியலார் கூடிப் புளூட்டோவைக் கோள்களின் வரிசையினின்றும் நீக்கிக் குறுங்கோள் என வகுத்தனர். இது குறித்து எழுந்த வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. நாம் எப்பெயரால் அழைப்பினும் அதன் மலையும் பனியும் மாறப்போவதில்லையாதலின், அவ்வழக்கில் நாம் நெடுநேரம் நிற்க வேண்டுவதில்லை.

கலம் புளூட்டோவிலேயே ஏன் தங்கவில்லை என நீங்கள் வினவலாம். நொடிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் விரையும் ஒன்றை நிறுத்துவதற்கு மிகுந்த எரிபொருள் வேண்டும். அதனைச் சுமந்துகொண்டு அவ்வளவு விரைவாகச் செல்லல் இயலாது. ஆதலின், முன்னாளில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் செய்ததையே கலமும் செய்ய வேண்டியிருந்தது. கயிற்றிற் கட்டிய கல்லைப் பற்றிக் கடலடியில் இறங்கியவர், மூச்சடக்கும் சிறுபொழுதிற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளையெல்லாம் வாரிக்கொண்டு மேலே வந்துவிடுவார். எதில் முத்து உண்டு, எதில் இல்லை என ஆராய அங்கே நேரம் இல்லை. அந்த ஆராய்ச்சி பின்னர்க் கரையில் நிகழும். முத்துக் குளித்தவர்க்கு மீண்டும் மீண்டும் இறங்க வழியுண்டு. கலத்துக்கோ ஒரே மூச்சு.

அந்த ஒரு மூச்சும் வீணாகிவிடுமோ என்று அஞ்சும் நிலை இறுதியில் நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், புளூட்டோவை அடையப் பத்தே நாள் எஞ்சியிருக்கையில், கலத்திலிருந்து வந்த குறிகள் திடீரென நின்றன. மேரிலாந்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்திலிருந்து அதனை இயக்கியோர் விடுமுறையை விட்டு ஓடிவந்தனர். எண்பத்தொரு நிமிடங்களுக்குப் பின் குறி மீண்டது. கலத்தின் கணிப்பொறி, எடுத்த படங்களைச் சுருக்கிச் சேமித்துக்கொண்டிருந்த வேளையிலேயே புதிய கட்டளைத் தொகுதியையும் ஏற்க நேர்ந்தமையால் திணறித் துணைக் கணிப்பொறிக்கு மாறியிருந்தது. பிழை இன்னதென விளங்கிற்று, திருத்துவதோ எளிதன்று. ஒரு கட்டளையை அனுப்பினால் அது கலத்தை அடைய நாலரை மணி நேரம். மறுமொழி வர மேலும் நாலரை மணி நேரம். ஆலிஸ் போமன் என்னும் அம்மையார் தலைமையில் இயக்குநர் குழுவினர் அலுவலகத்திலேயே உண்டு உறங்கி உழைத்தனர். நெருங்கிக் காண்பதற்குரிய பணிகள் தொடங்க வேண்டிய 7ஆம் நாளிலே கலம் முன்னைய நிலையை எய்திற்று. ஒன்பதாண்டுப் பயணத்தின் பயன் அந்த மூன்று நாளிலே தொங்கிற்று என்றால் அது மிகையன்று.

14ஆம் நாள், இந்திய நேரப்படி மாலை 5 மணி 19 நிமிடத்திற்குக் கலம் புளூட்டோவின் தரைக்கு 12,500 கிலோமீட்டர் தொலைவில் விரைந்து சென்றது. அப்பொழுது நிலவுலகில் இருந்தோர்க்கு யாதொரு செய்தியும் இல்லை. கலத்தின் படப்பெட்டியும் அலைவாங்கியும் அதன் உடலோடு அசையாமற் பொருத்தப்பட்டவை. புளூட்டோவை நோக்கினால் நம்மை நோக்க இயலாது. அரிசியளவு துகள் ஒன்று மோதினாலும் கலம் சிதையக்கூடும். அதனை எண்ணியே, அணுகுமுன் எடுத்த சிறந்த படம் ஒன்றை முன்னரே வருவித்துக்கொண்டனர். ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் அமைதி. 15ஆம் நாள் நம் நாட்டில் காலை 6 மணி 22 நிமிடமாயிருக்கையில், கலம் நலமே என்னும் குறி வந்து சேர்ந்தது.

செத்துறைந்த பனிக்கட்டியை எதிர்பார்த்தோர்க்குப் புளூட்டோ காட்டிய முகம் வியப்பூட்டிற்று. அதன் மேல் நெஞ்சு வடிவான வெண்பரப்பு ஒன்று விரிந்து கிடந்தது. அதன் மேற்குப் பாதி, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் அகன்ற பனிச்சமவெளி. நாம் மூச்சுவிடும் காற்றிற் பெரும்பகுதியான நைட்ரஜனே அங்குக் கட்டியாக உறைந்து கிடக்கிறது. விண்கற்கள் விழுந்த குழி ஒன்றேனும் அச்சமவெளியிற் காணப்படவில்லை. குழியில்லையெனின் அத்தரை புதியது என்பது பொருள். அடியிலுள்ள வெப்பத்தால் அந்த நைட்ரஜன் பனி, உலையிலிட்ட கஞ்சிபோல, ஆனால் மிக மிக மெதுவாக, மேலெழுந்தும் கீழிறங்கியும் புரள்கிறது. பழைய வடுக்கள் அதனால் மறைந்துபோகின்றன. சமவெளியின் ஓரத்தில் மலைகள் நிற்கின்றன. அவை கல்லாலானவையல்ல, தண்ணீர் உறைந்த பனிக்கட்டியாலானவை. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 230 பாகை அளவிற்கு இறங்கிய அவ்விடத்தில் பனிக்கட்டி பாறைபோல் உறுதி பெற்றுவிடுகிறது. புளூட்டோவைச் சூழ்ந்த மெல்லிய காற்றில் நீல நிறப் பனிமூட்டமும் காணப்பட்டது. நம் நிலாவினும் சிறியதாய், 2,377 கிலோமீட்டர் குறுக்களவே உடைய ஒரு குறுங்கோளில் இத்துணை இயக்கமா!

வாரிய சிப்பிகளைக் கரை சேர்க்கும் வேலையோ நீண்டது. அவ்வளவு தொலைவிலிருந்து நொடிக்கு ஓரிரண்டாயிரம் எண்குறிகளே அனுப்ப இயன்றமையால், சில நாளில் திரட்டிய செய்திகள் யாவும் வந்துசேர 2016ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் வரை, பதினைந்து திங்களுக்கு மேல் ஆயிற்று.

2017இல் அம்மலைகளுக்குப் பெயரிட்டபோது, 1953இல் எவரெஸ்டுக் கொடுமுடியை அடைந்த டார்ஜிலிங்கின் டென்சிங் பெயரை ஒரு மலைத்தொடருக்கும், அவருடன் ஏறிய ஹில்லரியின் பெயரை மற்றொன்றுக்கும் வழங்கினர். நெஞ்சு வடிவப் பரப்பு டோம்பாவின் பெயரைப் பெற்றது. பர்னியின் பெயரால் ஒரு வட்டக்குழி உள்ளது. புளூட்டோவின் பெரிய துணைக்கோளான சாரனில் ஒரு குழிக்கு ரேவதி என்பது பெயர்.

கலம் பின்னும் 160 கோடி கிலோமீட்டர் சென்று, 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், இரு பனிக்கட்டிகள் ஒட்டியது போன்ற அரோகோத் என்னும் சிறு பொருளை அணுகிப் படமெடுத்தது. அப்பொருளைத் தொலைநோக்கி கண்டது 2014இலேதான். கலம் ஏவப்பட்டபோது அப்படியொன்று இருப்பதே எவர்க்கும் தெரியாது.