சங்கை விவரித்து எழுதும் முறை

சரக்கை நேரில் காணாத வியாபாரி, நாம் எழுதி அனுப்பும் விவரத்தைக்கொண்டே அதனை அறிகிறார். ஆதலின் கூட்டுறவு அங்கத்தினர் பொருளை விவரித்தெழுதும் முறையை அறிதல் அவசியம். தூத்துக்குடிச் சங்கை உதாரணமாகக் கொள்வோம்.

முதலாவது, பயனைக் கூறுக: வளையல் அறுத்தற்குரிய சங்கு.

இரண்டாவது, "பெரியது" என்னாது அளவைக் கூறுக. சங்கின் விலை குறுக்களவைப் பொறுத்தது; மிகப் பருத்த இடத்தில் அளந்து, அளந்த இடத்தையும் குறிப்பிடுக.

மூன்றாவது, பிடித்துப் பார்த்த நிலையைக் கூறுக. சுருள்முனை மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்கப் பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்புறமும், அரிய வலம்புரியின் வாய் இடப்புறமும் இருக்கும். சுருள்முனையைக் கீழாக்கினால் வலம்புரியின் வாய் வலப்புறமாகும். இதனாலேயே நாம் வலம்புரி என்பதை விலங்கு நூலார் இடஞ்சுழி என்கின்றனர். இருவர் சொல்லும் பிழையன்று. பிடித்த நிலையே வேறு. "வாய் வலப்புறம்" என்று மட்டும் எழுதினால், சாதாரணச் சங்கை ஒருவர் வலம்புரியென மயங்கிப் பெரும்பொருள் இழக்க நேரும்.

நான்காவது, துளை, உடைவு முதலிய குறைகளை மறையாதெழுதுக.

எழுதி முடித்ததும், அச்சங்கைக் கண்டிராத ஒருவரிடம் படித்துக் காட்டுக. குவியலிலிருந்து அதனையே அவர் எடுத்தாராயின், விவரம் செவ்வையாயிற்று என்க.