லாரியில் வந்த எஃகு வீடு

பெருவாரி உற்பத்தி பற்றிய பாடம் என்றாலே போர்டு கார்த் தொழிற்சாலையைச் சான்று காட்டுவது மரபு. வென்றவர்களின் கதையை மட்டும் படித்தால் பொருளியல் முழுமையாக விளங்காது என்பது என் கருத்து. ஆதலால் மாணவர்களுக்குத் தோற்றுப்போன முயற்சி ஒன்றையும் நான் சேர்த்தே கூறுவேன். அதுதான் அமெரிக்காவின் லஸ்ட்ரான் வீடு.

1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்தனர். ஊர் திரும்பிய அவர்கள் குடும்பம் நடத்தப் போதிய வீடுகள் இல்லை. அந்நாளில் கார்ல் ஸ்டிராண்ட்லண்ட் என்பார், பெட்ரோல் நிலையங்கள் கட்டுவதற்கு எஃகு ஒதுக்கீடு கேட்டு வாஷிங்டன் சென்றார். இவர் சுவீடனில் பிறந்த பொறியாளர். "பெட்ரோல் நிலையத்துக்கு எஃகு இல்லை, வீடு கட்டுவதானால் தரலாம்" என்ற முறையில் அதிகாரிகளின் பதில் அமைந்தது. அவரும் வீட்டுக்கு மாறினார்! அரசின் புனரமைப்பு நிதிக் கழகம் மொத்தம் 3 கோடியே 75 லட்சம் டாலர் அளவுக்குக் கடன் கொடுத்தது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், போர் விமானங்கள் செய்த ஆலை ஒன்று வீட்டு ஆலையாயிற்று.

வீட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே காண்போம். நம் வீடுகளில் புழங்கிய எனாமல் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி உலையில் சுட்டால் அந்தப் பளபளப்பு வருகிறது. லஸ்ட்ரான் வீட்டின் வெளிச்சுவர் இரண்டடிச் சதுரமான அத்தகைய தகடுகளால் ஆனது. உட்சுவரும் கூரை ஓடும்கூட எனாமல் பூசிய எஃகே. வெள்ளையடிக்க வேண்டாம், கறையான் அரிக்காது, அழுக்கானால் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். ஆனால் படம் மாட்ட ஆணி அடிக்க முடியாது. காந்தத்தால் ஒட்டவைத்தனர்! அலமாரிகள் சுவரோடு சேர்ந்தே வந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளை, இறக்க வேண்டிய வரிசைப்படி ஒரே லாரியில் ஏற்றி அனுப்புவர். சிமெண்டுத் தளம் மட்டும் முன்னரே தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவு சிறப்பிருந்தும் 1948 முதல் 1950 வரை விற்றவை 2,498 வீடுகளே. பேராலைக்கு நிலைச் செலவு மிகுதி. நாள்தோறும் ஏராளமான வீடுகள் வெளியேறினால்தான் அது கட்டுப்படியாகும். 7,000 டாலரில் முடியும் என்றெண்ணிய வீடு 10,000 டாலரை எட்டியது. மரத்தையும் செங்கல்லையும் மனத்திற்கொண்டு எழுதிய நகராட்சிக் கட்டட விதிகள் பல ஊர்களில் தடையாயின.

எனினும் முதன்மைக் காரணம் கடன்முறையே என்று நான் கருதுகிறேன். வழக்கமான வீட்டுக்கு வங்கி தவணை தவணையாகப் பணம் தரும். அடித்தளம் எழும்பினால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி, கூரை முடிந்தால் ஒரு பகுதி. லஸ்ட்ரான் வீடோ ஒரே நாளில் முழுதாக லாரி ஏறுகிறது. லாரி புறப்படுமுன் முழு விலையையும் முகவர் செலுத்தியாக வேண்டும். மனையில் இன்னும் ஒரு தகடும் நிற்கவில்லை. எதை நம்பி வங்கி கொடுக்கும்? கார் வாங்குவோருக்குத் தவணைக் கடன் இருந்தது. காரைப் போல வந்த வீட்டுக்கு அத்தகைய ஏற்பாடு உருவாகவில்லை. முகவர்கள் முடங்கினர், ஆலையில் சரக்குத் தேங்கியது. 1950-இல் நிதிக் கழகம் கடனுக்காக ஆலையைக் கைப்பற்றியது. கொரியப் போர் மூண்டதும் அங்கு மீண்டும் விமானங்கள் தயாராயின.

வாங்கியவர்களுக்கு மட்டும் வீடு ஏமாற்றம் தரவில்லை. பல வீடுகள் எழுபதாண்டுகளைக் கடந்தும், முதலில் பூசிய நிறம் மங்காமல் நிற்கின்றன. சில இடங்களில் நிலத்தின் விலை ஏறவே, சிறிய வீடென்று அவற்றைப் பிரித்துவிட்டனர். ஆலை இல்லாததால், உடைந்த தகட்டுக்கு மாற்றுத் தேடும் உரிமையாளர்கள் இவ்வாறு பிரிக்கப்படும் வீடுகளிலிருந்தே அதைப் பெறுகின்றனர்.