ஆடிப்பெருக்கும் நம் இல்லறமும்



ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் நெருங்கும்போதெல்லாம், தஞ்சை மண்ணில் வாழும் நம் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. அன்று தெருவெங்கும் சித்திரான்னம் மணக்கின்றது. சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்கின்றனர். பெண்டிர் காதோலை, கருகமணி, முளைப்பாரி ஆகியவற்றுடன் காவிரியைத் தாயென வணங்குகின்றனர். அருகப்பெருமான் நெறியில் நிற்கும் நாம் அன்று என் செய்வது?

எம் மகள் ஏழு வயதுச் சிறுமியாய் இருந்தபோது இவ்வினாவைக் கேட்டாள். "அது நம் பண்டிகையன்று" என்று கூறி யாம் அடக்கிவிட்டோம். அவள் அழவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சப்பரம் தெருமுனையில் மறையும்வரை திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்ற யாம், எம் இல்லத்தில் அதை மறந்தோம். இன்று பேத்தி அதே வினாவைக் கேட்கின்றாள். அதன் விளைவே இப்பாடம்.

சான்றோர் காட்டிய அளவுகோல்

சமந்தபத்திராச்சாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூன்றனை விலக்குமாறு கூறுகின்றார். ஆற்றிலும் கடலிலும் நீராடுவதே அறமென எண்ணுதல் உலக மூடத்தின்பாற்படும். தமிழில் அருங்கலச்செப்பும் இந்நூலின் வழியே இல்லறத்தார் ஒழுக்கத்தை உரைக்கின்றது.

எனில், உலக வழக்கனைத்தும் விலக்கத்தக்கனவோ? அல்ல. கி.பி. 959 இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவசூரி, நற்காட்சிக்குக் குறைவும் நோன்புக்கு மாசும் நேராதவிடத்து உலக வழக்கை ஜைனர் ஏற்கலாம் என்று தெளிவுபடுத்தியுள்ளார். ஆகவே எவ்வழக்கையும் இரு வினாக்களால் அளந்தறியலாம். இதனால் நற்காட்சி குன்றுமா? இதனால் நோன்பு மாசுறுமா?

நற்காட்சி பற்றியவை

ஆற்றில் நீர் பெருகுவது குடகு மலையில் பொழியும் தென்மேற்குப் பருவமழையால். 1934 முதல் அந்நீர் மேட்டூர் அணையில் தேங்கி நமக்கு வருகின்றது. பாசனத்திற்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆயினும் 2017 இல் அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு மக்களின் வணக்கம் குறையவில்லை. அணையில் நீரே குறைந்திருந்தது. காரணத்தையும் காரியத்தையும் உள்ளவாறு அறிவது நன்ஞானம். எனவே ஆற்றிடம் வரம் வேண்டுதல் நமக்குரியதன்று.

மஞ்சள் கயிறு மாற்றுதலும் இவ்வாறே. மங்கல வழக்கென அணிவதில் குற்றமில்லை. அது கணவரின் ஆயுளை நீட்டும் என எண்ணுவதே பிழை. ஆயுள் அவரவர் ஆயுட்கருமத்தால் அமைவது.

நோன்பு பற்றியவை

விளக்கேற்றி ஆற்றில் விடுதலால் பூச்சிகள் மாளும். பழந்துணிகளை விடுதலால் நீர்வாழ் உயிர்கள் துன்புறும். முளைப்பாரியை வளர்த்து வெள்ளத்தில் எறிவதும் வீண் உயிர்க்கேடாம். இவற்றை விடுக.

இந்நாட்கள் முனிவர்களின் சாதுர்மாசிய காலத்துள் அடங்குவன. மழையில் சிற்றுயிர்கள் மிகுதலின், அவை மிதிபடாதிருக்க அவர்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். நெல்லை வளர்க்கும் நீரே எண்ணற்ற உயிர்களையும் வளர்க்கின்றது என்பதைப் பிள்ளைகளுக்கு இந்நாளில் எளிதில் உணர்த்தலாம்.

நாம் செய்யத்தக்கவை

காலையில் ஜினாலயம் செல்க. கரந்தையிலும் தீபங்குடியிலும் ஆதிநாதர் எழுந்தருளியுள்ளார்; மன்னார்குடியில் மல்லிநாதர் எழுந்தருளியுள்ளார். உழவு உள்ளிட்ட ஆறு தொழில்களை உலகிற்குக் கற்பித்தவர் ஆதிநாதரே என ஜினசேனாச்சாரியாரின் ஆதிபுராணம் உரைக்கின்றது. உழவு தொடங்கும் இந்நாளில் அப்பெருமானை நினைப்பதினும் பொருத்தமானது யாது?

புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு ஆகியவற்றை வடிகட்டிய நீரால் சமைத்து, வயலில் உழைப்போருடன் பகிர்ந்து, கதிரவன் மறையுமுன் உண்க. அடுத்த வீட்டார் அன்புடன் தரும் சோற்றையும் நம் உணவு நெறிக்கு ஒத்ததாயின் முகமலர்ந்து பெறுக. அவர்தம் வழிபாட்டை இகழ்தல் நம் நாவுக்கு அழகன்று.

சப்பரம் குழந்தைகளின் விளையாட்டு. அதில் குற்றம் யாதுமில்லை. சென்ற ஆடியில் மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு பேத்திக்கு ஒன்று செய்தோம். ஆதிநாதர் படத்தை அதில் வைத்து ஜினாலயத்தை வலம்வந்தாள். தாள் ஒட்டும்போது அவள் தாயும் வந்தமர்ந்தாள். திண்ணையில் அமர்ந்திருந்த அன்றைய சிறுமியிடம் யாம் சொல்லாதுவிட்ட விடையைப் பல ஆண்டுகள் கழித்து அவள் மகளுக்குச் சொல்ல நேர்ந்தது. நீங்கள் அத்துணைக் காலம் தாழ்த்த வேண்டா.

பிள்ளைகளுக்கான வினாக்கள்:

1. மூவகை மூடங்கள் யாவை?
2. உலக வழக்கை அளக்கும் இரு வினாக்கள் யாவை?
3. முனிவர்கள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது ஏன்?
4. உம் வீட்டில் கொண்டாடும் வேறொரு பண்டிகையை அவ்விரு வினாக்களால் அளந்து, பெற்றோருடன் கலந்து எழுதுக.

வாழ்க ஜினதருமம்!